சுகமளிக்கும் கூட்டம் நடத்துன தம்பி உ.பி. ஜெயில்ல, ஜாமீன் கிடைக்குமா?

கேள்வி: சார், என் தம்பி உத்தரப் பிரதேசத்துல ஊழியம் பண்றான், வாடகை வீட்ல ஞாயித்துக்கெழம ஜெபக்கூட்டம். வலிப்பு இருக்குற ஒரு பட்டியல் சாதி பையனுக்கு எண்ணெய் பூசி ஜெபம் பண்ணிருக்கான், அந்தப் பையனும் சுகமாயிட்டேன்னு சாட்சி சொல்லிருக்கான். போன வாரம் பக்கத்து தெருக்காரர் ஒருத்தர் மதம் மாத்துறான்னு புகார் குடுத்து, போலீஸ் வந்து பைபிள், போன் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு இவனை ரிமாண்ட் பண்ணிட்டாங்க. ஞானஸ்நானம் யாருக்கும் குடுக்கல. இவனுக்கு ஹிந்தி பேச வரும், படிக்க வராது. ஜெபம் பண்றது குத்தமா? எப்ப வெளிய வருவான்?

பதில்: ஜெபம் பண்றது குத்தம் இல்லம்மா, உ.பி.லயும் இல்ல. அரசியல் சாசனம் 25வது பிரிவு மதத்தை பின்பற்றவும் பரப்பவும் உரிமை குடுக்குது. ஆனா 1977ல ஸ்டானிஸ்லாஸ் வழக்குல சுப்ரீம் கோர்ட், பரப்பலாம், அதுக்காக இன்னொருத்தரை மதம் மாத்துற உரிமை உனக்கு கெடையாதுன்னு சொல்லிடுச்சு, மாநிலங்களோட மதமாற்ற தடைச் சட்டங்க எல்லாம் அந்த தீர்ப்பு மேலதான் நிக்குது.

உ.பி. மதமாற்ற தடைச் சட்டம் 2021ல வந்தது, 2024ல திருத்தி ரொம்ப கடுமையாக்கிட்டாங்க. முன்னாடி பாதிக்கப்பட்டவரோ அவரோட சொந்தக்காரங்களோதான் புகார் குடுக்க முடியும், இப்ப யார் வேணா குடுக்கலாம். 2025 அக்டோபர்ல ஃபதேபூர் சர்ச் விவகாரத்துல சுப்ரீம் கோர்ட் நெறைய எஃப்ஐஆரை ரத்து பண்ணுச்சே, அந்த தீர்ப்பை யாராச்சும் உங்களுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிருப்பாங்க, ஆனா அதுல மூணாவது மனுஷன் குடுத்த புகார் செல்லாதுன்னு சொன்னது திருத்தத்துக்கு முந்தின பிரிவை வச்சு, உங்க தம்பி விஷயம் இப்ப நடந்தது, அதனால அந்த ஒரு பாயின்ட்டை மட்டும் நம்பி வக்கீலுக்கு பீஸ் கட்டாதீங்க.

உங்க கேஸ்ல நெஜமான சிக்கல் அந்த சுகம் விஷயம்தான். மதம் மாற ஆசை காட்டுறதுன்னு அந்த சட்டம் சொல்றதுல பணம், பரிசு, வேலை, இலவச படிப்பு எல்லாம் இருக்கு, கூடவே தெய்வ கோபம்னும் ஒன்னு இருக்கு, சாமி கோபப்படும்னு பயம் காட்டுறது. அதாவது ஒடம்பு சரியில்லாம வந்தவருக்காக ஜெபம் பண்ணேன், அவரு எந்த சாமிய கும்பிட்டாலும் எனக்கு கவலை இல்லன்னா அது ஒன்னு. உன் பழைய சாமிய விட்டாதான் வலிப்பு நிக்கும், விடலன்னா இன்னும் மோசமாகும்னு சொன்னா அது வேற, அங்கதான் மாட்டுவாங்க. போன் இப்ப போலீஸ் கையில, அதுல இருக்குற போஸ்டர், சாட்சி வீடியோ, வாய்ஸ் மெசேஜ் இதுல ஒரு வரி எப்படி இருக்குங்கறதுலதான் கேஸே போகும். "ஜெபத்துக்கு வாங்க"ன்னு போஸ்டர் போட்டா யாரும் ஒன்னும் பண்ண முடியாது, "வலிப்பு 3 நாள்ல குணமாகும்"னு போட்டிருந்தா 1954ம் வருஷ மாய மருந்து விளம்பர தடைச் சட்டத்தையும் சேர்த்து போட வழி இருக்கு, அந்த சட்டத்தோட நோய் பட்டியல்ல வலிப்பு, கேன்சர், சர்க்கரை, பக்கவாதம் எல்லாம் இருக்கு, மைக்ல வாயால சொன்னாலும் விளம்பரம்தான்.

இன்னொன்னு, அந்தப் பையன் மாத்திரைய நிறுத்திட்டானான்னு நீங்க எழுதல. நிறுத்தியிருந்தா, அதுவும் உங்க தம்பி சொல்லி நிறுத்தியிருந்தா, நாளைக்கு திரும்ப வலிப்பு வந்து ஏதாச்சும் ஆச்சுன்னா கேஸ் வேற மாதிரி ஆயிடும். ஊழியக்காரங்க நெறைய பேர் இதை அவிசுவாசம்னு நெனச்சு கேக்கவே மாட்டேங்கறாங்க, ஆனா டாக்டர் சீட்டு தொடர்ந்து இருந்தா அதுவே உங்க தம்பிக்கு நல்ல சாட்சி. அந்தப் பையன்கிட்ட நீங்களோ சபை ஆளுங்களோ நேரா போய் பேசாதீங்க, சாட்சிய கலைக்கிறாங்கன்னு சொல்லி ஜாமீனுக்கு உலை வைப்பாங்க. அவனா வந்து, நானாதான் ஜெபத்துக்கு போனேன், மதம் மாற யாரும் சொல்லலன்னு சொல்ல விரும்புனா, வக்கீல் மூலமா அஃபிடவிட் வாங்கலாம்.

ஜாமீன் விஷயம் கஷ்டம்தான், மறைக்க விரும்பல. பையன் பட்டியல் சாதிங்கறதால தண்டனை 5ல இருந்து 14 வருஷம். ஜாமீன் செஷன்ஸ் கோர்ட்டுக்கு கீழ கிடைக்காது, அரசு வக்கீல் எதிர்த்தா இவரு குத்தம் பண்ணிருக்க மாட்டாருன்னு நம்ப காரணம் இருக்குன்னு ஜட்ஜுக்கு தோணணும். ஞானஸ்நானம் நடக்கலங்கறது உங்களுக்கு பெரிய பலம், ஆனா மதம் மாத்த முயற்சி பண்ணாருன்னு கேஸ் போடுவாங்க. அலகாபாத் ஹைகோர்ட் 2023ல பைபிள் குடுக்குறது, நல்ல புத்தி சொல்றது, சாப்பாடு போடுறது இதெல்லாம் ஆசை காட்டுறது ஆகாதுன்னு ஜாமீன் குடுத்துச்சு, அதை காட்டுங்க. அதே வழக்குல 2025 ஜனவரில கீழ் கோர்ட் 5 வருஷம் தண்டனையும் குடுத்துச்சு, அதனால ஜாமீன் கிடைச்சா கேஸ் முடிஞ்சுதுன்னு தம்பி மறுபடி கூட்டம் போட வேணாம்.

உடனே பாக்க வேண்டியது கைது பண்ணப்ப குடுத்த பேப்பர். 2025 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட், எந்த குத்தமா இருந்தாலும் கைதுக்கான காரணத்தை எழுத்துல, கைதானவருக்கு புரியுற மொழியில குடுக்கணும், மாஜிஸ்ட்ரேட் முன்னாடி கொண்டு போறதுக்கு கொறஞ்சது 2 மணி நேரம் முன்னாடியாச்சும் குடுக்கணும்னு சொல்லிருக்கு. உங்க தம்பிக்கு ஹிந்தி படிக்க வராது, ஹிந்தி பேப்பர்ல கையெழுத்து வாங்கிருந்தா கைதும் ரிமாண்டும் செல்லாதுன்னு கேக்க நல்ல வழி. ரிமாண்ட் ஆர்டர் காப்பியோட லோக்கல் வக்கீல் ஒருத்தரை புடிங்க, சென்னையில இருந்து ஆளை கூட்டிட்டு போறது வீண் செலவு.

எஃப்ஐஆர் உ.பி. போலீஸ் வெப்சைட்ல இருக்கான்னு பாருங்க, இல்லன்னா கோர்ட்ல காப்பி கேளுங்க. போலீஸ் சார்ஜ் ஷீட், அதாவது குற்றப்பத்திரிகை, 60 நாள்ல போடலன்னா மறுநாளே டிஃபால்ட் ஜாமீன் (கெடுவுக்குள்ள குற்றப்பத்திரிகை வராததால உரிமையா கிடைக்குற ஜாமீன்) மனு போடணும், 90 நாள்னு அரசு தரப்பு வாதாடுவாங்க, குறைஞ்சபட்ச தண்டனை 10 வருஷத்துக்கு கீழ இருக்குறதால சுப்ரீம் கோர்ட்டோட 2017 ராகேஷ் குமார் பால் தீர்ப்பை வச்சு 60ன்னு நில்லுங்க. முதல் ரிமாண்ட் தேதிய வக்கீல் டைரில மட்டும் இல்லாம உங்க கேலண்டர்லயும் குறிச்சு வைங்க, ஒரு நாள் லேட்டாகி அதுக்குள்ள சார்ஜ் ஷீட் விழுந்துட்டா அந்த உரிமை போயிடும்.