மெழுகை மாற்றுவதற்கு முன் மூச்சை அளந்து பாருங்கள்

வீட்டிலேயே மெழுகுவர்த்தி செய்து விற்கும் நீங்கள், பாரஃபினை விட்டு வேறு மெழுகுக்கு மாறலாமா என்று கேட்டு எழுதியதற்கு இது என் பதில். சாதாரண மெழுகுவர்த்திக்குப் போடும் பாரஃபின் மெழுகைக் காய்ச்சியதால் உங்களுக்கோ மகனுக்கோ புற்றுநோய் வந்துவிடும் என்று பயப்படாதீர்கள். சோயாவா, தேன்மெழுகா என்று பக்கம் பக்கமாகக் கேட்டிருக்கிறீர்கள். என் கவனம் போனது வேறொரு வரிக்கு. மெழுகு ஊற்றிய நாட்களில் ராத்திரி இரண்டு மணிக்கு இருமிக்கொண்டு எழுந்திருக்கிறீர்கள், நெஞ்சை இறுக்கிப் பிடிக்கிறது, வீசிங் சத்தம் கேட்கிறது. உசிலம்பட்டியில் அம்மா வீட்டில் பத்து நாள் இருந்தபோது மருந்தே இல்லாமல் அடங்கியது. திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைத்த மூன்றாம் நாள் மறுபடி ஆரம்பித்தது.

வேலை நாளில் கூடி, வேலையை விட்டு விலகினால் குறைகிற இளைப்பு என்றால், வேலை செய்யும் இடத்துக் காற்றால் தூண்டப்படும் ஆஸ்துமாவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இதைக் காலத்தோடு கண்டுபிடித்து, தூண்டும் பொருளை விட்டு விலகினால் நன்றாகத் தேறிவிட வாய்ப்பு அதிகம். வருஷக்கணக்கில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட்டினால், பிறகு வேலையை விட்டாலும் இளைப்பு விடாமல் போகலாம்.

உங்கள் விஷயத்தில் என் சந்தேகம் மெழுகின் மேல் இல்லை, வாசனை எண்ணெயின் மேல்தான். ஐந்து கிலோ மெழுகுக்கு அரைக் கிலோ லாவண்டர் எண்ணெய் ஊற்றுகிறீர்கள். பத்து சதவீதம்! அதுவும் மெழுகு அடுப்பில் கொதிக்கக் கொதிக்க, ஜன்னலைச் சாத்திய சமையலறையில், முகத்தை மேலே வைத்துக் கிளறிக்கொண்டு. அந்த ஆவி சுவாசக் குழாயை எரிச்சலூட்டும், சிலருக்கு ஒவ்வாமையையும் உண்டாக்கும். சோயாவுக்கு மாறி, அதே எண்ணெயை அதே அளவு ஊற்றினால் அதே இருமல்தான் வரும். ‘இயற்கை எசென்ஷியல் ஆயில்’ என்று பாட்டிலில் எழுதியிருந்தாலும் நுரையீரல் லேபிள் படிக்காது.

அடுத்தது நீங்கள் சாப்பிடும் மருந்துகள். மூன்று மாதமாக ஒவ்வாமைக்குக் கொடுக்கும் செட்ரிசின், இருமல் சிரப், முடியாத நாளில் மெடிக்கலில் கேட்டு வாங்கிய பிரட்னிசோலோன், அவசரத்துக்கு மாமனாரின் இன்ஹேலர். செட்ரிசின் சுருங்கிய சுவாசக் குழாயை விரிக்காது. சிரப்பால் தூக்கம் வரும், அவ்வளவுதான். பிரட்னிசோலோன் ஸ்டீராய்டு: நோயை மூடி மறைத்துவிட்டு, சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடும். இடைவிடாமல் மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. கடைக்காரரிடம் கேட்டு இனி ஒரு மாத்திரைகூட வாங்காதீர்கள், அம்மா.

இருமல் இரண்டு வாரம் தாண்டினாலே சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும். உங்களுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்ப்பார்கள். பிறகு பெரிய ஆஸ்பத்திரியில், அதாவது மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவில், குழாயில் ஊதவைத்து நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை செய்துகொள்ளுங்கள். ஒரு நொடியில் நீங்கள் ஊதும் காற்றின் அளவு, இன்ஹேலர் மருந்துக்குப் பிறகு 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால் ஆஸ்துமா என்பதற்கு அது பலமான சான்று.

மூச்சை ஊதும் வேகத்தை வீட்டிலேயே அளக்கப் பீக் ஃப்ளோ மீட்டர் என்று சில நூறு ரூபாயில் ஒரு குழாய் கிடைக்கும். நின்றுகொண்டு, மூச்சை முழுக்க இழுத்து, உதட்டால் இறுக்கிப் பிடித்து ஒரே ஊதாக வேகமாக ஊதுங்கள். மூன்று முறை ஊதி, அதில் பெரிய எண்ணை மட்டும் எழுதுங்கள். காலையில் எழுந்ததும், மதியம், சாயங்காலம், படுக்கப்போகும் முன் என்று தினமும் நான்கு வேளை. வேலை செய்யும் இரண்டு வாரம், செய்யாத இரண்டு வாரம். எந்தெந்த நாள் மெழுகு ஊற்றினீர்கள் என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். வேலை நாட்களில் எண் சரிந்தோ, ஒரே நாளுக்குள் 20 சதவீதத்துக்கு மேல் ஏறி இறங்கியோ இருந்தால், அந்த நோட்டே பாதி நோயறிதல். இளைப்பு கூடுதலாக இருந்தால் அளப்பதற்காக வேலையைத் தொடர வேண்டாம். ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடிக்க முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, இன்ஹேலருக்கும் அடங்கவில்லை என்றால் யோசிக்காமல் 108.

இனி நீங்கள் போனில் படித்துப் பயந்தவை. 2009-ல் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் பாரஃபின் புகையில் டொலுவீன் போன்ற நச்சு வேதிப்பொருட்கள் இருப்பதாகச் சொன்னார்கள். எப்போதாவது ஏற்றினால் பாதிப்பு வராது, காற்றோட்டமில்லாத அறையில் வருஷக்கணக்கில் தினமும் பல மெழுகுவர்த்தி எரித்தால்தான் யோசிக்க வேண்டும் என்றும் அவர்களே சொன்னார்கள். அந்தப் பாதியை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. 2007-ல் வந்த இன்னோர் ஆய்வில் பாரஃபின், சோயா, பனை, தேன்மெழுகு எல்லாவற்றின் புகையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அதற்குப் பணம் கொடுத்தது மெழுகுவர்த்தித் தொழில்காரர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த பயத்தோடு நீங்கள் ராத்திரி கொசுவர்த்திச் சுருள் ஏற்றிக் கதவைச் சாத்திப் படுக்கிறீர்கள்! ஒரு சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-லேயே அளந்துவிட்டார்கள். சுருளைத் தூக்கி எறிந்துவிட்டு வலை கட்டுங்கள்.

‘இயற்கை’ என்றால் நுரையீரலுக்கு நல்லது என்ற கணக்கும் தப்பு. 1980-களில் பார்சிலோனா துறைமுகத்தில் சோயா மொச்சை இறக்கிய சில நாட்களில் ஏராளமானோர் ஆஸ்துமாவோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். காரணம் மொச்சைத் தூசியில் இருந்த புரதம். சுத்திகரித்த சோயா மெழுகில் அந்தப் புரதம் அநேகமாக இருக்காது, அதனால் அதற்கும் பயம் வேண்டாம். ஆனால் தீய்ந்துபோனால் எந்தத் தாவரக் கொழுப்பும் கண்ணையும் தொண்டையையும் அறுக்கும் அக்ரோலின் புகையைக் கக்கும்.

மதுரை வெயிலுக்கு எது சரி? 58–60 டிகிரியில் உருகும் பாரஃபின், சித்திரையிலும் வளையாமல் நிற்கும். சோயா 50 டிகிரிக்குப் பக்கத்திலேயே உருகிவிடும். கண்ணாடி ஜாடிக்குச் சரி, தனியாக நிற்கும் மெழுகுவர்த்திக்கு ஆகாது. தேன்மெழுகு 62–64 டிகிரி. நல்ல சரக்குதான், விலையும் அதிகம், கலப்படமும் அதிகம்.

மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் கறுப்பாக வருகிறது என்றீர்களே, அது மெழுகுவர்த்திப் புகையின் கரி. நீளத் திரியும் மின்விசிறிக் காற்றும் செய்கிற வேலை. ஏற்றும்முன் திரியை ஆறு மில்லிமீட்டருக்கு வெட்டுங்கள், அணைக்கும்போது ஊதாமல் மூடி போட்டு அணையுங்கள். மகன் கடித்து விழுங்கிய மெழுகுத் துண்டு மலத்தோடு போய்விடும். அவன் கைக்கெட்டும் அலமாரியில் வாசனை எண்ணெய் பாட்டில் இருப்பதுதான் ஆபத்து. அதைக் குடித்தால் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆகலாம். வாந்தி எடுக்க வைக்காமல் அப்படியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வாருங்கள்.

கல்லறைத் திருநாளுக்கு, நவம்பர் 2-க்கு, ஆர்டர் வாங்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பரிசோதனை முடிகிறவரை வாசனை இல்லாத வெள்ளை மெழுகுவர்த்தி மட்டும் செய்யுங்கள். அதற்கும் இளைப்பு வந்தால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். இரண்டு பக்கமும் காற்று வரும் இடத்தில், தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து, தெர்மாமீட்டர் போட்டு, 80 டிகிரி தாண்டாமல் உருக்குங்கள். மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், தீ எகிறும். கேஸை அணைத்து மூடியால் மூடுங்கள். கையில் சுடுமெழுகு பட்டால் பிய்த்தெடுக்காமல் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். லாவண்டர் ஜாடி கேட்டவர்களிடம் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள்.