தெரிந்தவர் அனுப்பிய பிடிஎஃப்தானே?

கேள்வி: மாட்டுங்காவில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். மொத்தம் 9 கம்ப்யூட்டர். சர்வீஸுக்கு வந்த பையன், எங்கள் பிடிஎஃப் ரீடர் 2017-ஆம் வருடத்துப் பதிப்பு, அதில் மெமரி சம்பந்தமான ஓட்டை இருக்கிறது, உடனே மாற்றுங்கள் என்கிறான். ஆனால் நாங்கள் பயன்படுத்தும் ஒரு பழைய ஃபாரம் புதிய ரீடரில் சரியாகத் திறப்பதில்லை. "ஆன்டிவைரஸ் இருக்கு, தெரிஞ்ச கிளையன்ட் அனுப்புறதைத்தானே திறக்கிறோம்" என்கிறார் எங்கள் சார். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, மும்பை

பதில்: பையன் சொல்வதுதான் சரி. உங்களிடம் இருப்பது அடோபியின் 2017 பதிப்பு என்றால் அதற்கு 2022 ஜூனோடு ஆதரவு முடிந்துவிட்டது, அதற்கப்புறம் கண்டுபிடித்த எந்த ஓட்டைக்கும் அதில் அடைப்பு கிடையாது.

மெமரி ஓட்டை என்றால் என்ன என்று உங்கள் சாருக்கு இப்படிச் சொல்லுங்கள். ஃபைலைத் திறக்கும்போது அதிலுள்ள படம், எழுத்துரு ஒவ்வொன்றுக்கும் ரீடர் மெமரியில் இடம் ஒதுக்குகிறது, கல்யாணப் பந்தியில் இலை போடுகிற மாதிரி. நாலு பேர் என்று ஃபைல் சொல்ல, ரீடரும் நம்பி நாலு இலை போட, வந்து இறங்குவதோ பதினாலு பேர். மிச்சப் பத்துப் பேரும் பக்கத்தில் இருப்பவர் இலையில் கை வைப்பார்கள். இது ஒரு வகை. இன்னொன்று கொஞ்சம் விவகாரமானது. சாப்பிட்டு எழுந்து போனவர் இடத்தில் வேறு யாரோ வந்து உட்கார்ந்திருக்க, அங்கே இன்னும் சம்பந்திதான் இருக்கிறார் என்று நினைத்து மொய்ப் பையை நீட்டிவிடுகிறார்கள்! இப்படிக் கணக்குப் பிசகும் இடத்தில்தான் ஃபைலில் ஒளிந்து வந்த திருட்டு புரோகிராம் உள்ளே புகுந்து ஓட ஆரம்பிக்கிறது. ரீடர்கள் பெரும்பாலும் சி, சி++ மொழிகளில் எழுதப்பட்டவை, அவற்றில் இந்த இலைக் கணக்கை புரோகிராம் எழுதுகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2019-இல் சொன்ன கணக்குப்படி, அவர்கள் ஒவ்வொரு வருடமும் அடைக்கிற ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் இந்த ரகம்தான்.

தெரிந்த கிளையன்ட் என்பது பெரிய பாதுகாப்பு இல்லை. அவர் யாரிடமிருந்தோ வந்த பில்லை உங்களுக்குத் தள்ளிவிடுகிறார், அவ்வளவுதான். எதையும் அழுத்த வேண்டியதில்லை, திறந்தாலே போதும். ஆன்டிவைரஸ் ஏற்கெனவே பார்த்த முகங்களை நன்றாகப் பிடிக்கும், புதிதாக வருவதைப் பல சமயம் கோட்டை விடும். 2023 செப்டம்பரில் அடோபி அடைத்த ஒரு ஓட்டையை, அடைப்பு வருவதற்கு முன்பே சிலர் தாக்குதலுக்குப் பயன்படுத்தியிருந்தார்கள்.

செய்ய வேண்டியது இது. முதலில் 9 கம்ப்யூட்டரிலும் எந்த ரீடர், எந்தப் பதிப்பு என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒன்றிரண்டில் ரீடரே இரண்டு இருக்கும், பாருங்கள். 8-இல் பழையதை நீக்கிப் புதியதைப் போட்டு, அப்டேட் தானாக நடக்க விட்டுவிடுங்கள். அடோபி பெரும்பாலும் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அப்டேட் விடும், ஆகவே புதன் காலை ஒரு தடவை ரீஸ்டார்ட். பிரிஃபரன்சஸில் ஜாவாஸ்கிரிப்டை, அதாவது ஃபைலுக்குள் இருக்கும் குட்டி புரோகிராம்களை ஓட்டும் வசதியை, அணைத்துவிடுங்கள். புரொடெக்டட் மோட் டிக் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ரீடருக்குள் வந்த திருடனை அந்த அறையிலேயே பூட்டிவைக்கிற ஏற்பாடு அது, 2010-இலேயே வந்துவிட்டது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வேலை செய்யவில்லை என்று யாரோ ஒரு மார்ச் மாத அவசரத்தில் அதை அணைத்துவிட்டு மறந்திருப்பார்கள், எனக்குத் தெரிந்த ஆபீஸ்களில் இந்தக் கதை சகஜம்.

அந்தப் பழைய ஃபாரம்? அது இன்னும் தேவையா என்று முதலில் விசாரியுங்கள், கம்பெனி விவகார அமைச்சகத்தின் ஃபாரங்களே பெரும்பாலும் இணையதளத்தில் நிரப்புகிற மாதிரி மாறிவிட்டன. தேவைதான் என்றால் ஒன்பதாவது கம்ப்யூட்டரில் மட்டும் பழைய ரீடர் இருக்கட்டும், நெட் கிடையாது, மெயில் கிடையாது, அந்த ஃபாரத்தைத் தவிர வேறு எதையும் அதில் திறக்கக் கூடாது. இந்த வகை ஃபாரங்களுக்கு ஜாவாஸ்கிரிப்ட் வேண்டியிருக்கும், அதனால் அங்கே அணைக்காதீர்கள்.

யாராவது ஏடாகூடமாக எதையோ திறந்துவிட்டால் அந்த மெஷினின் நெட் கேபிளைப் பிடுங்குங்கள், திட்டாதீர்கள், திட்டினால் அடுத்த முறை சொல்ல மாட்டார்கள். உள்ளே யாரோ புகுந்தது தெரிந்தால், 2022-இல் வந்த செர்ட்-இன் (மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவுப்படி 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

கேள்வி: நான் போனில்தான் பிடிஎஃப் பார்க்கிறேன். எனக்குக் கவலை இல்லையே?
- செம்பூர் வாசகர்

பதில்: இருக்கிறது, சார். 2021-இல் டொரான்டோவின் சிட்டிசன் லேப் ஆய்வுக்கூடம் கண்டுபிடித்த, பெகாசஸ் என்ற வேவு மென்பொருளின் தாக்குதலில், ஜிஃப் படம் என்று பெயர் வைத்து ஐபோனுக்கு வந்தது உண்மையில் பிடிஎஃப். ஸ்கேன் படங்களைச் சுருக்கும் பழைய முறை ஒன்றில் இருந்த கணக்குப் பிசகு வழியாக, போன்காரர் எதையும் தொடாமலே உள்ளே போனது. ஆப்பிள் அந்த செப்டம்பரிலேயே அடைத்துவிட்டது. உங்களை யாரும் அவ்வளவு செலவு செய்து வேவு பார்க்கப் போவதில்லை, ஆனால் போன் அப்டேட் கேட்டால் "நாளைக்கு" என்று தள்ளாதீர்கள்.

கேள்வி: தாராவியில் ஜெராக்ஸ் கடை. வாட்ஸ்அப்பில் யார் யாரோ அனுப்புவதைத் திறந்துதானே பிரின்ட் எடுக்க வேண்டும்?
- கடைக்காரர்

பதில்: அப்டேட் ஆன குரோமிலேயே திறந்து பிரின்ட் கொடுங்கள், அதன் பிடிஎஃப் பகுதி பூட்டிய அறைக்குள்தான் ஓடுகிறது. பிரின்ட் எடுக்கிற கம்ப்யூட்டரில் உங்கள் பேங்க் கணக்கைத் திறக்காதீர்கள். கடை சாத்தும்போது அன்றைய ஃபைல்களை அழித்துவிடுங்கள், அதில் பாதி ஊராருடைய ஆதார் கார்டு.