தூணில்லத்தா, கயிறு

"அன்புள்ள ஆச்சி, காரைக்குடியில எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன். செல்லுக்குள்ள இருக்கிற புரத இழைகள்ல ஆக்டின், மைக்ரோடியூபுல் ரெண்டையும் விரிவா நடத்திட்டு, மூணாவதான இன்டர்மீடியட் ஃபிலமென்ட்டை மட்டும் 'செல்லுக்குள்ள நிக்கிற தூணு'ன்னு ஒரே வரில முடிச்சுட்டாங்க. அந்த வகையில ஒண்ணான வைமென்டினோட ஜீனை எடுத்த எலிகூட நல்லாத்தான் பிறந்துச்சாமே? அப்ப கரு வளர்ச்சியில இதுக்கு என்ன வேலை?"

ஏத்தா, போன வாரம் ஊர்ல பழைய வீட்டைப் பெருக்கப் போனப்ப, கிணத்தடியில கிடந்த இத்துப்போன கயித்தைக் கையில வச்சுக்கிட்டு இதையேதான் நினைச்சுக்கிட்டிருந்தேன், வந்து பாத்தா உன் கடிதம்.

தூணாம்ல தூணு! செட்டிநாட்டு வீட்டு பர்மாத் தேக்குத் தூணப் பாத்தே வளந்தா எதப் பாத்தாலும் தூணாத்தான் தெரியும்போல. தூணு பாரம் தாங்கும், இது இழுவை தாங்கும், அது வேற இது வேற.

எங்க அப்பத்தா தேங்கா நாரை ஊறவச்சு தொடையில வச்சு திரிப்பாங்க. எனக்கு எட்டு வயசு, அழகா இருக்கட்டும்னு நாரையெல்லாம் ஒரே அளவா கத்தரிச்சு முனைக்கு முனை சேத்து ஒரு புரி திரிச்சு வச்சேன், மறுநாள் செப்புக்குடம் கிணத்துக்குள்ள. பக்கத்து வீட்ல அண்டாவ ஈடா வச்சு பாதாளக்கரண்டி வாங்கிட்டு வந்து தேடுறாங்க, நான் நிக்கிறேன், தலையில ஒரு குட்டு. "ஒண்ணு முடியுற எடத்துல இன்னொண்ணு பாதி வழியில இருக்கணும்டி!"

பின்னாடி இந்தப் புரதம் எப்படிச் சேருதுன்னு படிச்சப்ப தூக்கிவாரிப் போட்டுச்சு. ரெண்டு இழை முறுக்கி ஒரு ஜோடி, ரெண்டு ஜோடி எதிரெதிரா பாதி தள்ளி ஒட்டுது, அந்த மாதிரி எட்டு சேந்து 10 நானோமீட்டர் தடிமன்ல ஒரு கயிறு. எதிரெதிரா இருக்கிறதால தலையும் இல்ல வாலும் இல்ல. இழுத்தா ரெண்டு மடங்குக்கு மேலயும் நீளும். தோலோட அடிச்செல்லுல இதே வகைக் கயிறான கெரட்டின் 5, 14ல ஒண்ணு பழுதானா சும்மா உரசினாலே செல் கிழிஞ்சு கொப்புளம் போட்டுரும், 1991லயே கண்டுபிடிச்சது, பிள்ளைக நடக்கப் பழகும்போதே பாதம் புண்ணாயிரும். இதப் போய் ஒரே வரில முடிக்கிறதா?

எலியா? அதுக்குக் காயம் ஆற லேட்டாகுது. தண்ணி இறைக்காம கிணத்த எட்டி மட்டும் பாத்தா கயிறு எதுக்குன்னுதான் தோணும்.

கரு வளர்ச்சி கேட்டேல்ல, நரம்பு ஸ்டெம் செல்லுல நெஸ்டின்னு ஒரு கயிறு, அந்தச் செல் நரம்பானதும் நியூரோஃபிலமென்ட்னு வேற கயிறு, வேலைக்கேத்த மாதிரி கயித்த மாத்திக்கிது. மிச்சத்தப் புத்தகத்துல படிச்சுக்க.

அந்தக் குடத்து வயித்துல இன்னும் நசுக்கு இருக்கு, வீட்டுப்பக்கம் வந்தா காட்டுறேன்.