துறையா, பீடமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகளுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடம் கிடைத்திருக்கிறது. பாடம் தெரிவுசெய்ய, பிறகு மாற்ற, சிறப்புக்கலைக்கு (நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு) போக யாரைப் பார்ப்பது? சிலர் துறை என்கிறார்கள், சிலர் பீடம் என்கிறார்கள். – ஒரு தாய், கோப்பாய்

பதில்: பல துறைகள் சேர்ந்ததே பீடம். பாடம் துறையின் பொறுப்பு, பதிவும் மாணவர் கோவையும் பீடத்தின் பொறுப்பு. வரலாறு, புவியியல், பொருளியல், மெய்யியல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித் துறையும் துறைத் தலைவரும் உண்டு. பாடம் மாற்றுவதென்றால் விடும் துறை, சேரும் துறை இரண்டின் தலைவர்களும் ஒப்பமிட வேண்டும். அதன்பின் கடிதத்தைப் பீடத்தின் தலைவரான பீடாதிபதியின் அலுவலகத்தில் ஒப்படைத்து, பெற்றுக்கொண்ட திகதியைப் பிரதியில் பதிவித்து வாங்கச் சொல்லுங்கள். பலர் துறையில் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுவார்கள். பதிவு பழைய பாடத்திலேயே கிடக்கும். பரீட்சை அனுமதி அட்டை வரும்போதுதான் தெரியவரும்.

பீடத்தால் மட்டும் முடிக்க முடியாதவை பீடச் சபைக்கும், அங்கிருந்து பல்கலைக்கழகத்தின் உயர் கல்விச் சபையான மூதவைக்கும் போகும். நிகழ்ச்சிநிரல் மூடியபின் வரும் கடிதம் அடுத்த கூட்டம்வரை காத்திருக்கும். ஆகவே கடைசி நாளுக்கு வைத்திருக்க வேண்டாம்.

பாடம் எடுக்குமுன் நேரசூசியையும் பாருங்கள். இரண்டு பாடங்களின் விரிவுரை ஒரே நேரத்தில் விழுந்தால் வரவு குறையும். வரவு குறைந்தால் பரீட்சை எழுதுவது சிக்கல்.

சிறப்புக்கலைக்கு முதல் வருடப் பெறுபேறுதான் முக்கியம். எந்தப் பாடத்தில் என்ன தரம் வேண்டும் என்பது துறைக்குத் துறை வேறுபடும். அதைப் பீடக் கையேட்டில் முதல் நாளே வாசிக்கட்டும், முதல் வருடம் முடிந்தபின் அல்ல. மூன்று வருடப் பட்டத்துக்கு 90 கிரடிற், நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120. ஒரு கிரடிற் என்பது ஏறக்குறைய 15 மணித்தியால விரிவுரை.

கேள்வி: பீடாதிபதியைத் துணைவேந்தரா நியமிக்கிறார்? – மாணவன், உரும்பிராய்

பதில்: இல்லை. 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டப்படி பீடாதிபதியைப் பீடச் சபை தெரிவுசெய்யும்; பதவிக்காலம் 3 வருடம். அச்சபையில் மாணவர்கள் தெரிவுசெய்யும் இரண்டு மாணவர்களும் அமர்வார்கள். நேரசூசி, வரவு போன்ற பொதுக் குறைகளை எழுத்தில் அவர்களிடம் கொடுங்கள். சபையில் பேச அவர்களுக்கு இடமுண்டு, அதைப் பயன்படுத்தாமல் விடுவது பெரிய நட்டம்.