ஒன்பது படம், ஒன்பது பாட்டு

கேள்வி: நான் பள்ளியில் ஓவிய ஆசிரியை, மேடை நாடகங்களிலும் நடிக்கிறேன். அமெரிக்கக் கன்ட்ரி, ஃபோக் பாடல்கள் என்றால் பைத்தியம். லாரி ஓட்டுநர்கள் வந்துபோகும் சாலையோரச் சாப்பாட்டுக் கடை ஒன்றை வைத்து ஒன்பது லினோகட் படங்கள் (லினோலியத் தகட்டில் செதுக்கி அச்செடுப்பவை) செய்தேன். அதே ஆட்களைப் பற்றி, அந்தப் பாணியில் ஒன்பது தமிழ்ப் பாடல்களும் எழுதி மெட்டமைத்துவிட்டேன். ஆல்பமாக வெளியிட ஆசை. "எல்லாவற்றிலும் கை வைத்தால் எதுவும் உருப்படாது" என்கிறார் கணவர். என்ன செய்யட்டும்?
- வாசகி, கோவை

பதில்: வெளியிடுங்கள் அம்மா. ஆனால் கணவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அமெரிக்கப் பாடகரும் ஓவியருமான டெரி ஆலனைக் கேட்டிருக்கிறீர்களா? 1943இல் பிறந்து, டெக்சஸின் லப்பக் நகரில் வளர்ந்து, லாஸ் ஏஞ்சலஸில் ஓவியம் படித்தவர். சிற்பம், நாடகம், பியானோ எதையும் விட்டுவைக்கவில்லை. 1975இல் வந்த அவருடைய முதல் ஆல்பமான 'ஹுவாரெஸ்' இசைக் கம்பெனியிலிருந்து வரவில்லை. சிகாகோவில் கல்லச்சு ஓவியங்கள் அச்சிடும் பட்டறை ஒன்று வெளியிட்டது. கொலையும் தப்பியோட்டமுமாகப் போகும் கதை. படங்களிலும் பாடல்களிலும் வருவது அதே நால்வர்தான். இசையோ பெரும்பாலும் பியானோவும் அவர் குரலும் மட்டும். உங்கள் சாப்பாட்டுக் கடைக்கு இவர் ஒருவகையில் பெரியப்பா!

அடுத்து 1979இல் வந்த 'லப்பக்' இரட்டை ஆல்பத்தைக் கேளுங்கள். ஊருக்கே திரும்பிப் போய், லாய்ட் மெய்ன்ஸ் போன்ற உள்ளூர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு பதிவு செய்தது. மெய்ன்ஸ் வாசிப்பது பெடல் ஸ்டீல் கிடார்: மேஜைபோல் நிற்கும், இடது கையில் உருக்குத் துண்டு, பாதத்தடியில் பெடல், முழங்காலருகே நெம்புகோல். தந்தி இழுபட, சுரம் வழுக்கிக்கொண்டு ஏறும். கமகம் கேட்டுப் பழகிய காது உடனே நிமிரும். அதை வாசிப்பவர் இங்கே கிடைப்பது கடினம். அதற்காகக் கீபோர்டில் போலியாக வாசிக்க வைத்துவிடாதீர்கள், கேட்கச் சகிக்காது. வயலின் போதும், கன்ட்ரி இசைக்கு அது சொந்தக்காரன்தான்.

அந்த ஆல்பத்தில் ஒரு பாட்டு: நியூயார்க்கிலிருந்து கலைப்படைப்புகளை ஏற்றிவந்த லாரி நெடுஞ்சாலையில் கவிழ்ந்து எரிகிறது. பாடியவர் ஓவியர் என்று தெரியாதவரும் சிரித்துவிடுவார். கணவரின் பாதி நியாயம் இங்கேதான். படத்தைப் பார்த்தால்தான் பாட்டு புரியும் என்றால், அது படத்துக்கு எழுதிய விளக்கக் குறிப்பு.

ஆகவே ஸ்டுடியோவுக்குப் பணம் கட்டுமுன், படங்களை வீட்டில் வைத்துவிட்டு கிடாரோடு அந்தக் கடைக்கே போங்கள். மாலையில் ஓட்டுநர்கள் சேரும் நேரமாகப் பார்த்து ஒன்பதையும் பாடுங்கள். எந்தப் பாட்டில் பேச்சு நிற்கிறது, எதில் சாம்பார் வாளியைத் தேடுகிறார்கள் என்று கவனியுங்கள். இரண்டு மூன்று கழிந்துபோகும். போகட்டும், ஆறோடு வெளியிடலாம்.

அட்டைப்படத்துக்கு மட்டும் வெளியாளைத் தேட வேண்டாம். அந்தச் செலவு உங்களுக்கு மிச்சம்.