எல்.இ.டி. மின்னும் வரை

சென்ற இதழில், எம்பெடட் நிரலாக்கத்துக்கு, அதாவது கருவிகளுக்குள் இருக்கும் சிறு சிப்புகளுக்கு நிரல் எழுதுவதற்கு, கணினியைத் தயார் செய்வது பற்றிக் கேளுங்கள் என்று எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் போர்டைப் (சிப் பொருத்திய மின்சுற்றுப் பலகை) பற்றி ஒரே புலம்பல்: "எல்லாவற்றையும் நிறுவிவிட்டேன், போர்டு மட்டும் வாய் திறக்க மறுக்கிறது." அதனால் அந்தக் கேள்விக்கு இந்த முறை கொஞ்சம் அதிகமாக இடம் எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நானும் இருபது வருடமாக ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் நிரல்) எழுதித்தான் பிழைக்கிறேன். புதுக் கணினி கைக்கு வந்தால் இன்றைக்கும் எனக்கு முதல் ஒரு மணி நேரம் எரிச்சல்தான்.

கேள்வி: எம்பெடட் கற்றுக்கொள்ளப் புது மடிக்கணினி வாங்கப் போகிறேன். கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும், 32 ஜிபி ராம் வேண்டும் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். அப்படியா மேடம்?
— மூன்றாம் ஆண்டுப் பொறியியல் மாணவர்

உங்கள் சீனியர்கள் கேம் ஆட ஆள் சேர்க்கிறார்கள் போலிருக்கிறது. ஆரம்பத்தில் பலரும் எடுக்கும் எஸ்டிஎம்32எஃப்103சி8 சிப்பில் நிரலுக்கான ஃபிளாஷ் 64 கேபி, ராம் 20 கேபி. நீங்கள் எழுதும் முழு ஃபர்ம்வேரும் அந்த 64 கேபிக்குள் அடங்கியாக வேண்டும். உங்கள் செல்பேசி எடுக்கும் ஒரு புகைப்படம் அதைவிடப் பெரியது. இதைக் கம்பைல் செய்ய, அதாவது சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்ற, 8 ஜிபி ராம் உள்ள பழைய கணினியே போதும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி இருந்தால் நல்லது.

காசு மிச்சம் இருந்தால் இரண்டாவது திரை ஒன்று வாங்குங்கள். அந்தச் சிப்பின் கையேடு மட்டுமே ஆயிரம் பக்கத்துக்கு மேல். கையேடு ஒரு திரையில், நிரலும், போர்டு அனுப்பும் எழுத்துகளைக் காட்டும் சீரியல் டெர்மினலும் இன்னொன்றில். அது இல்லாமல் நாள் முழுக்கச் சன்னலை மாற்றி மாற்றிப் பார்த்தால் எந்த ரெஜிஸ்டரின் (சிப்பை இயக்கும் சிறு நினைவிடம்) எந்த பிட்டைப் பார்த்தோம் என்பதே மறந்துபோகும். யுஎஸ்பி துளைகள் குறைந்தது மூன்று இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

ஒரு விதிவிலக்கு. நாளைக்கு யோக்டோ என்ற கருவித் தொகுப்பை வைத்து முழு லினக்ஸையே போர்டுக்காகக் கட்டப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. அது வட்டில் நூறு ஜிபியை ஒட்டி இடம் கேட்கும், செயலியில் எத்தனை கோர் கொடுத்தாலும் தின்னும். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: போர்டைச் செருகினால் அதில் சிவப்பு விளக்கு எரிகிறது. ஆனால் மென்பொருளில் சீரியல் போர்ட் (போர்டோடு பேசும் வழி) எதுவும் தெரியவில்லை. டிரைவரை நான்கு முறை மறுபடி நிறுவிவிட்டேன். ஒருமுறை தெரிந்தது, அப்போதும் 'பெர்மிஷன் டினைடு' என்றது. உபுண்டு பயன்படுத்துகிறேன்.
— பெயர் வேண்டாம் என்கிற வாசகி

விளக்கு எரிவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மின்சாரம் வருகிறது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். யுஎஸ்பி கேபிளில் மின்சாரத்துக்கு இரண்டு கம்பி, தரவுக்கு இரண்டு கம்பி. சார்ஜ் போடுவதற்கென்றே வரும் மலிவுக் கேபிள்களில் தரவுக் கம்பிகள் இரண்டும் இருக்காது. வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

சில வருடம் முன்பு, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பையனும் நானும் காலையிலிருந்து மதியம் வரை ஒரு போர்டோடு மல்லுக்கட்டினோம். டிரைவர் போட்டோம், எடுத்தோம், கணினியையே மாற்றினோம். கடைசியில் தேநீர் கொண்டுவந்த சக ஊழியர் தன் கேபிளைச் செருகிப் பார்க்கச் சொன்னார். உடனே வந்துவிட்டது. அன்றிலிருந்து என் மேசைக்கு எந்தக் கேபிள் வந்தாலும் முதலில் அதனால் செல்பேசியைக் கணினியோடு இணைத்துப் பார்ப்பேன். கோப்பு மாற்றும் தேர்வு வந்தால் டிராயருக்குள் போகும், வெறும் சார்ஜ் என்றால் கத்தரிக்கோல். தூக்கி எறிந்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது, யாராவது எடுத்து மறுபடி டிராயரில் போட்டுவிடுவார்கள்.

கேபிள் சரி என்றால் அப்புறம் கணினியைக் கேளுங்கள். டெர்மினலில் சூடோ (நிர்வாகி உரிமை தரும் கட்டளை) போட்டு 'டிமெசேஜ்' கட்டளையை 'டபிள்யூ' தேர்வோடு (dmesg -w) ஓடவிட்டு, அதைப் பார்த்தபடியே போர்டைச் செருகுங்கள். செருகிய நொடியில் புது வரிகள் ஓட வேண்டும். ஒரு வரிகூட வரவில்லையா? டிரைவர் பக்கம் போகவே வேண்டாம், இன்னும் கேபிளிலோ துளையிலோ போர்டிலோதான் கோளாறு. வரிகள் வந்து, கடைசியில் 'டிடிஒய்யுஎஸ்பி0' அல்லது 'டிடிஒய்ஏசிஎம்0' என்று ஒரு பெயர் முளைத்தால் சீரியல் போர்ட் பிறந்துவிட்டது.

உங்கள் கடிதத்தில் "ஒருமுறை தெரிந்தது" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். பெயர் முளைத்து, அடுத்த நொடியே 'டிஸ்கனெக்டட்' என்று வருகிறதா பாருங்கள். போர்டில் சிஎச்340 என்ற யுஎஸ்பி சிப் இருந்து, உங்களுடையது உபுண்டு 22.04 என்றால், எனக்குச் சந்தேகம் 'பிஆர்எல்டிடிஒய்' மேல்தான். பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெய்ல் கருவிகளுக்கான சேவை அது. சில பிரெய்ல் கருவிகளுக்கும் இதே அடையாள எண், 1ஏ86:7523, இருப்பதால் உங்கள் போர்டைப் பிரெய்ல் கருவி என்று நினைத்துப் பிடுங்கிக்கொள்கிறது. பிரெய்ல் கருவி உங்களுக்குத் தேவையில்லை என்றால் அந்தத் தொகுப்பை நீக்கிவிட்டு, போர்டைக் கழற்றி மறுபடி செருகுங்கள்.

பெர்மிஷன் விவகாரம் எளிது. உபுண்டுவில் சீரியல் போர்ட்டைத் திறக்கும் உரிமை 'டயல்அவுட்' குழுவுக்கு மட்டும்தான். டெலிபோன் மோடம் காலத்துப் பெயர், அப்படியே தங்கிவிட்டது. 'யூசர்மாட்' கட்டளையால் உங்களை அந்தக் குழுவில் சேருங்கள். சேர்த்த பிறகு லாக்அவுட் செய்து உள்ளே வர வேண்டும். இதை விட்டுவிட்டு "சேர்த்தும் வேலை செய்யவில்லை" என்று எழுதியவர்கள் மட்டும் இந்த மாதம் மூன்று பேர். எஸ்டி-லிங்க் போன்ற டீபக்கர்களுக்கு (ஓடும் சிப்புக்குள் எட்டிப் பார்க்கும் கருவிகள்) இது போதாது, யுடெவ் விதி (கருவியை யார் திறக்கலாம் என்று சொல்வது) வேண்டும்; டீபக்கரோடு பேசும் மென்பொருளான ஓபன்ஓசிடியோடு அதற்கான விதிக் கோப்பு தயாராகவே வருகிறது.

தயவுசெய்து எல்லாவற்றையும் சூடோவில் ஓட்டும் குறுக்குவழிக்குப் போகாதீர்கள். இன்று ஓடும். நாளைக்கு கம்பைல் செய்து வரும் உங்கள் பில்ட் கோப்புகளெல்லாம் ரூட்டின், அதாவது நிர்வாகியின், சொத்தாகியிருக்கும், உங்கள் கோப்பை உங்களாலேயே அழிக்க முடியாது.

இவ்வளவும் சரியாக இருந்தும் 'போர்ட் பிஸி' என்றால், வேறு எங்கோ இன்னொரு சீரியல் மானிட்டர் திறந்திருக்கிறது. அதை மூடுங்கள்.

கேள்வி: விண்டோஸில் எம்பெடட் செய்யக் கூடாதா? லினக்ஸ்தான் கற்க வேண்டுமா?
— வேலை மாற நினைக்கும் ஒருவர்

தாராளமாகச் செய்யலாம். மூன்று இடத்தில் மட்டும் கால் தடுக்கும்.

முதலாவது கோப்புறைப் பெயர். கணினியில் பயனர் பெயரை இடைவெளி விட்டோ, ஆசையாகத் தமிழிலோ வைத்திருந்தால், பில்ட் செய்யும் முறையைச் சொல்லும் பழைய 'மேக்' கோப்புகளும் ஸ்கிரிப்டுகளும் பாதையைப் பாதியில் வெட்டிக்கொண்டு ஏதேதோ பிழை சொல்லும். சி டிரைவின் நுனியிலேயே 'வொர்க்' என்றோ 'எஃப்டபிள்யூ' என்றோ ஆங்கிலத்தில் சின்னதாக ஒரு கோப்புறை போட்டு அதற்குள்ளேயே குடியிருங்கள். பாதை 260 எழுத்தைத் தாண்டினால் பல கருவிகள் தடுமாறும் என்ற பழைய வியாதிக்கும் அதுவே மருந்து. மேகத்தோடு தானாக ஒத்திசையும் டெஸ்க்டாப் கோப்புறையில் பில்ட் செய்யவே செய்யாதீர்கள். கம்பைலர் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒத்திசைவு வந்து கோப்பைப் பூட்டும்.

இரண்டாவது டீபக்கரின் டிரைவர். ஓபன்ஓசிடிக்கு டீபக்கர் தெரியவில்லை என்றால் ஸாடிக் என்ற சின்ன மென்பொருளால் வின்யுஎஸ்பி டிரைவரை மாற்றிப் போட வேண்டியிருக்கலாம். பட்டியலில் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று இரண்டு முறை பாருங்கள். அவசரத்தில் விசைப்பலகைக்கு அந்த டிரைவரைப் போட்டுவிட்டுத் தட்டச்சு செய்ய வழியில்லாமல் உட்கார்ந்திருந்தவர் ஒருவரை நான் தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

மூன்றாவது, விண்டோஸுக்குள்ளேயே டபிள்யூஎஸ்எல்2 வழியாக லினக்ஸ் ஓட்டுபவர்களுக்கு. கம்பைல் அருமையாக ஓடும், ஆனால் யுஎஸ்பி தானாக உள்ளே போகாது. யுஎஸ்பிஐபிடி-வின் என்ற மென்பொருளை நிறுவி, போர்டை உள்ளே அனுப்ப வேண்டும்.

கேள்வி: என் கணினியில் ஏற்கெனவே ஜிசிசி இருக்கிறது. எதற்கு இன்னொரு கம்பைலரை நிறுவச் சொல்கிறார்கள்?
— பாலிடெக்னிக் மாணவி

இருக்கும் ஜிசிசி உங்கள் கணினியின் செயலிக்கான நிரலைத்தான் உண்டாக்கும். போர்டில் இருப்பது வேறு செயலி. இன்டெல் கட்டளையை ஆர்ம் சிப்பிடம் கொடுத்தால் அதற்கு ஒன்றும் புரியாது. ஒரு கணினியில் உட்கார்ந்து இன்னொரு செயலிக்காகக் கம்பைல் செய்வதால் இதற்குக் கிராஸ் கம்பைலர் என்று பெயர்.

பெயரிலேயே விவரம் இருக்கிறது. ஆர்ம்-நன்-ஈஏபிஐ-ஜிசிசி: ஆர்ம் என்பது செயலி, 'நன்' என்றால் கீழே ஆபரேட்டிங் சிஸ்டம் ஏதும் இல்லை, ஈஏபிஐ என்பது ஃபங்ஷன்கள் ஒன்றையொன்று எப்படி அழைக்கும் என்ற ஒப்பந்தம். ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லாததால் நிரலை எங்கே வைப்பது என்று சொல்ல ஆள் இல்லை. லிங்கர் ஸ்கிரிப்ட் என்ற கோப்பில் நாம்தான் சொல்ல வேண்டும்: எஸ்டிஎம்32 என்றால் பதினாறடிமானத்தில் 08000000 முதல் ஃபிளாஷ், 20000000 முதல் ராம் என்று. அந்தக் கோப்பை ஒருமுறை திறந்து படித்துப் பாருங்கள், சின்னதுதான்.

கேள்வி: சீரியல் டெர்மினலில் கிறுக்கலாக வருகிறது. பாட் ரேட் (தரவு அனுப்பும் வேகம்) இரண்டு பக்கமும் 9600 என்றுதான் வைத்திருக்கிறேன்.
— பொழுதுபோக்காகச் செய்பவர்

உங்கள் எல்.இ.டி. நிரலை ஒரு நொடிக்கு ஒருமுறை மின்னும்படி மாற்றி, கைக்கடிகாரத்தை வைத்து எண்ணுங்கள். தனியாக வாங்கிய ஏடிமெகா328பி சிப் என்று எழுதியிருக்கிறீர்கள். அது தொழிற்சாலையிலிருந்து வரும்போது உள் கடிகாரத்தில் 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும். நிரலோ 16 என்று நினைத்துக் கணக்குப் போடுகிறது. ஒரு நொடி 16 நொடியாகும், உங்கள் 9600 வெறும் 600 ஆகும். சிப்பின் கடிகாரத்தைத் தேர்ந்தெடுக்கும் ஃபியூஸ் பிட்டுகளைச் சரிசெய்யுங்கள், அல்லது நிரலில் உண்மையான வேகத்தைச் சொல்லுங்கள். கடிகாரத் துடிப்பு தரும் கிரிஸ்டலை மாட்டாமல் வெளிக் கிரிஸ்டலுக்கு ஃபியூஸை மாற்றிவிட வேண்டாம், சிப் அதோடு பேச்சை நிறுத்திவிடும்.

கேள்வி: எந்த எடிட்டர் நல்லது?
— பலர்

நான் விம். பக்கத்து மேசையில் விஎஸ் கோட். சண்டை இல்லை.

கேள்வி: நண்பனும் நானும் ஒரே நிரலைத்தான் கம்பைல் செய்கிறோம். அவன் கணினியில் போர்டு ஓடுகிறது, என் கணினியில் கம்பைல் ஆன கோப்பைப் போட்டால் பாதியில் நின்றுவிடுகிறது. கணினியை ஃபார்மேட் செய்யலாமா?
— இறுதியாண்டு புராஜெக்ட் குழுவிலிருந்து

வேண்டாம்! இருவரும் கம்பைலரின் பதிப்பு எண்ணைக் கேட்டுப் பாருங்கள். வேறு வேறாக இருக்கும் என்று பந்தயமே கட்டுவேன்.

எனக்கு இது நடந்தது. நான் எழுதிய ஒரு கருவி, ஒன்பது வருடம் கழித்து ஒரு சின்ன மாற்றத்துக்காகத் திரும்பி வந்தது. நிரல் பத்திரமாக இருந்தது, எந்தக் கம்பைலரால் கட்டினேன் என்று எங்கேயும் எழுதவில்லை. புதிய கம்பைலரில் கட்டினால் ஆன் செய்ததும் உறைந்துவிடுகிறது. இரண்டு நாள் தேடினேன். இன்டரப்ட் (ஓடும் நிரலை இடைமறிக்கும் அழைப்பு) வந்து மாற்றும் ஒரு மாறிக்கு, ஒவ்வொரு முறையும் நினைவகத்தில் படி என்று சொல்லும் 'வொலடைல்' என்ற சொல்லைப் போட மறந்திருக்கிறேன். பழைய கம்பைலர் அதைக் கண்டுகொள்ளாமல் ஒவ்வொரு முறையும் நினைவகத்தில் போய்ப் படித்தது. புதியது, "இந்த லூப்புக்குள் யாரும் இதை மாற்றவில்லையே" என்று ஒருமுறை படித்ததோடு நிறுத்திவிட்டது. தப்பு ஒன்பது வருடமும் என்னுடையதுதான்.

நீங்களும் முதலில் நண்பனின் பதிப்பையே நிறுவிப் பாருங்கள். ஓடினால் நிம்மதியாக விட்டுவிடாதீர்கள்; இன்டரப்ட் ஃபங்ஷன்களில் தொடும் மாறிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள், அங்கேதான் ஏதோ ஒளிந்திருக்கும். கண்ணில் படவில்லை என்றால் எஸ்டபிள்யூடி என்ற இணைப்பு வழியாக டீபக்கரை மாட்டுங்கள், கிரவுண்ட் கம்பியோடு சேர்த்து மூன்றே கம்பி. ஓபன்ஓசிடியை ஓடவிட்டு, ஜிடிபி என்ற பிழைதேடும் மென்பொருளை அதன் 3333 போர்ட்டில் இணைத்து, உறைந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தால் எந்த வரி என்று காட்டும். இடையிடையே பிரிண்ட்எஃப் (திரையில் எழுதும் கட்டளை) போட்டுத் தேடினால் இந்த மாதிரிப் பிழை சில நேரம் மறைந்துகொள்ளும், நேரக் கணக்கு மாறிவிடுவதால்.

புராஜெக்டின் ரீட்மீ கோப்பில் நான்கு வரி சேர்த்துவிடுங்கள்: கம்பைலர் பதிப்பு, ஓபன்ஓசிடி பதிப்பு, எஸ்டிகே (சிப்புக்கான நிரல் தொகுப்பு) பதிப்பு, எந்த போர்டின் எந்த ரிவிஷன். நிறுவும் கோப்பையும் ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். என் டிராயரில், வெட்டாத கேபிள்களுக்குப் பக்கத்தில், அப்படிப் பதினொரு பென்டிரைவ் இருக்கிறது.