இறக்கையின் முறுக்கு – கடிதம்

அன்புள்ள சார்,

நானும் அப்பாவும் சேர்ந்து இரண்டு பேர் உட்காரும் சிறு விமானம் ஒன்றைக் கட்ட ஆரம்பித்திருக்கிறோம். அப்பா விமானத் தொழிற்சாலையில் தகடு வேலை ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். இறக்கையை அலுமினியத்தில் ரிவெட் அடித்துத்தான் செய்யவேண்டும் என்கிறார். எனக்கு ஃபோம், ஃபைபர் கிளாஸ் மேல் ஆசை. வேலையும் சீக்கிரம் முடியும். வீட்டுக்குக் கீழே கார் நிறுத்துமிடத்தில் மேஜை போட்டாயிற்று, சண்டைதான் தீரவில்லை. எது சரி?

எஸ்.
முருகேஷ்பாளையா, பெங்களூரு

அன்புள்ள எஸ்.,

நான் அப்பா பக்கம்தான். அலுமினியம் உசத்தி என்பதற்காக அல்ல, ரிவெட் பழகிய கை வீட்டிலேயே இருக்கிறது என்பதற்காக. 1/8 அங்குலத் தடிமன் ரிவெட்டை அடித்தால் உள்பக்கம் நசுங்கி உருவாகும் தலை 3/16 அங்குல அகலமும் 1/16 அங்குல உயரமும் வரவேண்டும். நமக்கு அதைப் பார்க்க அளவுகோல் வேண்டும், அவருக்குச் சத்தமே போதும். சுமாரான ரிவெட்டைத் துளைத்து எடுக்கப்போய் ஓட்டையைப் பெரிதாக்கிவிடுவது புதியவர்களின் வழக்கம். எதை விட்டுவிடலாம் என்றும் அவருக்குத் தெரியும்.

ஃபோமை நான் மட்டம் தட்டவில்லை. அமெரிக்க விமான வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டனின் வேரி-ஈஸி விமானம் 1975இல் பறந்த பிறகு எத்தனையோ பேர் சூடான கம்பியால் ஃபோமை அறுத்து வீட்டிலேயே இறக்கை செய்திருக்கிறார்கள். ஆனால் அறுப்பதும் மேலே ஃபைபர் கிளாஸ் துணி பதிப்பதும்தான் சீக்கிரம் முடியும். அப்புறம் மேல்பரப்பு வழுவழுப்பாகும்வரை பூசித் தேய்த்து, மறுபடி பூசித் தேய்த்தே பொழுது போகும். பெயின்டும் வெள்ளைதான் அடிக்கவேண்டும். அடர்நிறம் வெயிலில் சூடேறினால் துணியை இறுக்கிப் பிடிக்கும் எபாக்ஸி பிசின் இளகும்.

உங்கள் சண்டையில் வராமலே போன விஷயம் முறுக்கு. ஸ்பாரும் (நீளவாக்கில் ஓடும் உத்தரம்) ரிப்பும் (குறுக்கே வரும் விலா) மட்டும் இருக்கும்போது சட்டத்தை ஒரு முனையில் பிடித்துக் கையாலேயே முறுக்கலாம். மேலும் கீழும் தகடு அடித்து மூடியதும் அது பெட்டியாகிவிடும், அசையாது. பறக்கும்போது நமக்கு வேண்டியது அந்த விறைப்புதான். ஆனால் மூடும் நேரத்தில் சட்டம் அரை டிகிரி கோணலாக இருந்தால் அந்தக் கோணலும் நிரந்தரமாகிவிடும். ஃபோமிலும் இதே கதைதான்: கம்பிக்கு வழிகாட்ட இரு முனையிலும் குத்தும் அச்சுத்தகடுகள் மட்டம் தவறினால் அறுக்கும்போதே முறுக்கு ஏறிவிடும், எபாக்ஸி இறுகியபின் திருத்த வழியில்லை.

இரண்டு இறக்கையும் ஒரேபோல இல்லையென்றால் விமானம் எப்போதும் ஒரு பக்கம் சாயப் பார்க்கும். ஸ்டிக்கை எதிர்ப்பக்கம் தள்ளிப் பிடித்தபடியே ஓட்டவேண்டும். ஸ்டால் ஆகும்போது, அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும்போது, இன்னும் மோசம். நுனியின் கோணம் அடிப்பக்கத்தைவிடக் கூடியிருந்தால் நுனிதான் முதலில் தூக்குவிசையை இழக்கும். விமானத்தின் சாய்வைத் திருத்தும் எய்லரான் மடிப்பு இருப்பதும் அங்கேதான். அதனாலேயே பல வரைபடங்களில் நுனியை வேண்டுமென்றே கொஞ்சம் கீழே திருப்பியிருப்பார்கள், வாஷ்அவுட் என்பார்கள். உங்கள் வரைபடம் பூஜ்யம் கேட்டால் பூஜ்யம், இரண்டு டிகிரி கேட்டால் இரண்டு. இரு பக்கமும் அதே அளவு வந்தாகவேண்டும்.

இதற்கு விலை கூடிய கருவி வேண்டாம். ஜிக்கை, அதாவது இறக்கையைப் பிடித்துவைக்கும் தாங்கியை, தரையில் போல்ட் போட்டு நிறுத்துங்கள், மேஜையை நம்பாதீர்கள். இறக்கையை முன்விளிம்பு கீழாக நிறுத்தி, கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் ட்யூபால் முன் ஸ்பாரை மட்டம் பாருங்கள். மேலே இருக்கும் பின் ஸ்பாரின் இரு முனையிலும் தூக்குக்குண்டு தொங்கவிடுங்கள். அகலம் மாறாத, முறுக்கில்லாத இறக்கை என்றால் நூலுக்கும் முன் ஸ்பாருக்கும் உள்ள தூரம் இரு முனையிலும் ஒன்றாக வரும். கார் நிறுத்துமிடத்தில் காற்று அடிக்கும், குண்டை எண்ணெய்க் கிண்ணத்தில் முக்கிவிட்டால் ஆடாது. யாராவது பைக்கைக் கொண்டுவந்து ஜிக்கில் இடித்தால் முதலிலிருந்து அளக்கவேண்டும்.

அளவுகளை எழுதியும் படமெடுத்தும் வையுங்கள். மும்பை காந்திவலியில் மொட்டைமாடியில் விமானம் கட்டிய அமோல் யாதவ் அதை 2016இல் கண்காட்சியிலேயே வைத்துவிட்டார். அதற்கு அரசுப் பதிவு கிடைத்தது 2017 நவம்பரில்தான். காகித வேலைக்கும் பொறுமை வேண்டும்.

கடைசித் தகட்டை மூடுமுன் அப்பாவின் பழைய சகாக்கள் இருவரைக் கூப்பிடுங்கள். உங்கள் அளவைச் சொல்லாதீர்கள். அவர்களே நூல் கட்டி அளந்து எழுதித் தரட்டும். இரண்டு தாளும் ஒத்துப்போனால் அப்பா ரிவெட் கன்னை எடுக்கலாம்.